வாசிக்கும்போது மட்டும் அறுபடும் வைஃபை

விடைத்தாள் திருத்துவது கண்ணுக்கும் பொறுமைக்கும் வைக்கப்படும் தேர்வு. அதை வீட்டிலிருந்து கணினியில் செய்வோருக்கு மூன்றாவது தாள் ஒன்றும் உண்டு, அதன் பெயர் வைஃபை. என்னோடு சேர்ந்து அவதிப்பட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இயற்பியல் பேராசிரியராக ஓய்வுபெற்ற நான், மயிலாப்பூர் வீட்டில் லினக்ஸ் மடிக்கணினியில் மறுமதிப்பீடு செய்கிறேன். சென்ற பருவத்தில் அறுபது தாள்கள் வந்தன, அத்தனையும் தோற்றவர்களுடையவை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடியாதவை அடையாற்றில் இருக்கும் இன்னொரு மதிப்பீட்டாளரான கோபாலனுக்குப் போய்விடும். கோபாலன் ஒரு தாளை இரண்டே நிமிடத்தில் முடிப்பவர். நானோ, இணைப்பு அறுபடும்போதெல்லாம் போட்ட மதிப்பெண்களை இழந்து, அதே தாளை முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தேன்.

இணைப்புக்காரர்

திங்களன்று இணைப்பு நிறுவனத்தின் ஊழியர் வந்தார். பத்து நிமிடம் தம் கைபேசியிலும் என் கணினியிலும் வேகத்தை அளந்துகொண்டே இருந்தார். ஒருமுறைகூட அறுபடவில்லை. அவர் போய் இரண்டாம் தாளில் அறுபட்டது. திரும்ப அழைத்தபோது அவர் சொன்னது: “லைன்ல ஒண்ணும் இல்ல மேடம், போன்ல சும்மா பறக்குது. உங்க லேப்டாப்புலதான் இன்னாவோ கீது.”

மாடிவீட்டு யோசனை

இடத்தை மாற்றிப் பார்க்கும்படி மாடிவீட்டுக் கௌசல்யா சொன்னாள். கூடத்தில், சமையலறையில், ரவுட்டருக்கு இரண்டடி தள்ளி முக்காலியில் என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்தாயிற்று. பூஜை அறையில் மட்டும் ஒரு மணி நேரம் அறுபடாமல் இருந்தது. பிறகு அங்கும் போயிற்று. கௌசல்யாவுக்கு அந்த ஒரு மணி நேரமே போதுமானதாக இருந்தது: “அங்கயே உக்காந்துண்டு திருத்துங்கோ மாமி. சுவாமி பாத்துண்டிருந்தா நீங்களும் கொஞ்சம் தாராளமா மார்க் போடுவேள்!”

பழுது பார்த்த கடை

புதனன்று தியாகராய நகரில் ஒரு கடைக்குக் கணினியைக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. லினக்ஸ் என்று காதில் விழுந்ததுமே அழித்துவிட்டு வேறொன்று போடலாம் என்றார். காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பவரிடம் எனக்கு வேலையில்லை என்று சொல்லிக் கணினியைப் பைக்குள் வைத்தேன். அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னது வாசல்வரை கேட்டது: “பாட்டிம்மா டெஸ்ட் வச்சாங்க நைனா, நான் ஃபெயிலு.”

குறிப்பேடு

ஆய்வுக்கூடத்தில் செய்வதை வீட்டிலும் செய்தேன். ஒவ்வொரு முறை அறுபட்ட நேரத்தையும், அப்போது நான் செய்துகொண்டிருந்ததையும் எழுதி வைத்தேன். பத்து முறையும் ஏதோ ஒரு நீண்ட விடையை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கை விசைப்பலகையைத் தொடவே இல்லை. கோபாலனிடமும் இதே வகைக் கணினிதான். தாள்கள் முப்பத்தொன்று மீதமிருந்த நிலையில், கௌரவத்தைச் சற்று ஒதுக்கிவைத்து அவரை அழைத்தேன். அவர் சிரித்தார்: “எனக்கு ஒரு நாளும் அறுந்ததில்லையே மேடம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தாள். அது தூங்கறதுக்கு நான் எங்கே விடறேன்?”

வெள்ளிக்கிழமை

வைஃபை அட்டையின் நிலையை, கோபாலனிடம் பேசிய வியாழன் இரவே கட்டளையிட்டுப் பார்த்தேன். மின்சேமிப்பு இயங்கிக்கொண்டிருந்தது. நான் வாசிக்கும் நேரத்தில் தரவு எதுவும் போய்வருவதில்லை. வேலையில்லை என்று கருதி அட்டை உறங்கிவிடுகிறது. மின்சேமிப்பை நிறுத்தி, ஒரு தாளைத் திறந்துவைத்துக் கால்மணி நேரம் தொடாமல் இருந்தேன். அறுபடவில்லை. கணினியை அணைத்து எழுப்பியதும் பழைய குணம் திரும்பியது. ஆகவே அமைப்புக் கோப்பிலேயே ஒரு வரி எழுதி நிரந்தரமாக நிறுத்தினேன். அதன்பின் ஒருமுறைகூடத் தடையில்லை.

கடைசித் தாள்களில் ஒன்றில், மூன்று வெற்றுப் பக்கங்களைத் தாண்டி ஒரு சூத்திரத்தின் முழு நிறுவல் இருந்தது. முதலில் திருத்தியவர் அதுவரை போகவில்லை. உரிய ஒன்பது மதிப்பெண் போட்டேன். அந்த மாணவர் தேர்ச்சி பெற்றார். நாலரை மணிக்குத் தேர்வு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது: “அறுபதும் வந்துருச்சு மேடம். தனக்கு ஒண்ணும் மிச்சமில்லையான்னு கோபாலன் சார் ரெண்டு தடவை கேட்டுட்டாரு.”

நிதானமாக வாசிப்பவரைச் சும்மா இருப்பவர் என்று நினைப்போர் ஏராளம். அவர்களுள் வைஃபை அட்டைக்கு மட்டுமே ஒரே வரியில் புத்தி சொல்ல முடிந்தது.