டெஸ்டுக்கு முன் கொடுத்த இரண்டு பஃப்

எட்டு வயது மகளின் இருமலுக்கு எங்கள் தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வாழைப்பழம், தயிர், தலைக்குக் குளித்தது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டியே வீடு. பௌர்ணமிக் கூட்டம் கலைந்து தூசி அடங்குவதற்குள் அவளுக்கு இருமல் ஏறிவிடும். ஆறு மாதமாக சிரப் மாற்றி சிரப். பள்ளியில் வேறு, சரியானதும் அனுப்புங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லார் மேலும் எனக்கு எரிச்சல். இவளுக்கு என்னதான் நோய் என்று யாராவது உறுதியாகச் சொல்லித் தொலைத்தால் போதும் என்றிருந்தது.

டவுனில் குழந்தைகள் டாக்டர் ஒருவர், நுரையீரலை ஊதிப் பார்க்கும் டெஸ்டுக்குத் தேதி போட்டு ஒரு சீட்டு கொடுத்தார். அன்று இரட்டைச் சடை பின்னி, பிறந்தநாள் கவுனைப் போட்டு, பஸ் ஏற்றி அழைத்துப்போனேன்.

மூக்கில் கிளிப், வாயில் குழாய். "ஊது, ஊது, விடாத, இன்னும் ஊது!" என்று நர்ஸ் கத்த, மூன்று தடவை ஊதினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நார்மலாதான் இருக்குது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "நார்மல்னா ஏன் சார் ராத்திரியெல்லாம் இருமுறா? மெஷின் சரியா இருக்குதான்னு பாருங்க."

அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. "காலையில மருந்து எதுனா குடுத்தீங்களாம்மா?"

"எதுவும் குடுக்கல சார்."

"ரெண்டு பஃப் குடுத்தியேம்மா" என்றாள் மகள்.

திணறினால் கொடுக்கச் சொல்லி வேறொரு டாக்டர் தந்திருந்த இன்ஹேலர். அன்று காலை அவளுக்குத் திணறலே இல்லை. விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்கி வைப்பதுபோல, பெரிய டாக்டர் முன்னால் பிள்ளை லொக்கு லொக்கென்று இருமி மானத்தை வாங்கக்கூடாதே என்று கொடுத்திருந்தேன்.

"அதான் மூச்சுக்குழாய் விரிஞ்சிருக்குது. மருந்துக்கு முன்னாடியும் பாக்கணும், பின்னாடியும் பாக்கணும். அப்பதான் ஆஸ்துமாவான்னு தெரியும். திணறினா கண்டிப்பா குடுங்க, இல்லன்னா அன்னிக்குக் காலையில வேணாம். சீட்டுல எழுதியிருந்தேனே."

சீட்டின் பின்பக்கம் தமிழிலேயே எழுதியிருந்தது. நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை. ஊரையே திட்டிக்கொண்டிருந்த எனக்கு, என்னைத் திட்ட வார்த்தை கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் மருந்து கொடுக்காமல் போனோம். பஸ்ஸில் இருமல் வரும்போதெல்லாம் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். இந்தமுறை ஊதியதில் அளவு கம்மி. நான்கு பஃப் கொடுத்து, கால்மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். நன்றாக ஏறியிருந்தது.

"ஆஸ்துமாதாம்மா. தினமும் மருந்து எடுத்தா நல்லா ஓடி ஆடலாம்" என்றார் டாக்டர்.

அப்பாடா என்று இருந்தது. வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டாக்டரே சொல்லிட்டாருல்ல, இனிமே எல்லார் முன்னாடியும் இருமலாமாம்மா?"