புழு தின்னாத பன்னிரண்டு செடிகள்

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அப்படிப்பட்டவள் தேயிலையில் புழு போட்ட ஓட்டைகளை எண்ணும் வேலைக்கு எப்படிப் போனாள் என்றால், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜில் ஆசிரியையாக இருந்துகொண்டே மேற்படிப்புப் படித்தேன். வெப்பமான இடத்தில் பூச்சி அதிகம், அதனால் அங்கே வளரும் செடி இலையில் கசப்பையும் துவர்ப்பையும் கூட்டித் தன்னைக் காத்துக்கொள்ளும் என்றார் விரிவுரையாளர். நாம் ருசித்துக் குடிப்பதே செடி புழுவுக்காக வைத்த காவல்தானாம். நான் சும்மா இருந்திருக்கலாம். "குளிரில் செடி மெதுவாகத்தானே வளரும்? ஓர் இலை போனால் அடுத்தது வர நாளாகும். அதுதானே இலையைக் கூடுதலாகக் காக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டேன். "நீங்களே பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார் அவர். முடிந்தது கதை.

ஒரே தாய்ச்செடியில் வெட்டிய தண்டுகளை வேர்விட வைத்தேன். பன்னிரண்டை நான் வாடகைக்கு இருந்த அறைக்குப் பின்னால் நட்டேன். மற்றப் பன்னிரண்டை, அங்கிருந்து மிகவும் உயரத்தில் குளிரில் இருக்கும் டயகமவில், அப்பா குடியிருந்த தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் நட்டேன். மருந்து அடிக்கக் கூடாது, புழுவைத் தொடக் கூடாது, தின்கிறவரை தின்னட்டும் என்பதுதான் ஏற்பாடு.

"தண்ணி மட்டும் ஊத்துங்கப்பா. வேற ஒண்ணும் செய்யாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"சரிம்மா, சரி" என்றார்.

அப்பா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி இறக்கி மறுபடி துளிர்க்க வைப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருடமே அம்மா போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. அம்மாவின் காரியம் முடிந்து நோட்டனுக்குத் திரும்பியவள், அதன் பிறகு தீபாவளிக்கு மட்டும்தான் டயகம பஸ்ஸில் ஏறினேன். செடி நட்ட பிறகோ மாதம் ஒரு சனிக்கிழமை தவறாமல் போனேன்.

போனால் மட்டும் என்ன, மனம்விட்டா பேசிவிட்டோம்? நான் செடிக்குப் பக்கத்தில் குந்தி எண்ணுவேன். அவர் வாசற்படியில் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது ஆறியதும் உள்ளே போய்ச் சூடாக்கிக் கொண்டுவருவார். "சாப்பிட்டியாம்மா?" என்பார். "சாப்பிட்டேன்பா" என்பேன். மாலை பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது தெருமுனை வரை வந்து நிற்பார். நோட்டனிலும் எனக்குப் பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்காமல் பொழுது போய்விடும். பாழாய்ப்போன தனிமை, அது என்னையும் தின்றது. அதை அப்பாவிடம் சொல்லத் தோன்றியதே இல்லை.

ஓட்டைக் கணக்கு மட்டும் அமோகமாக இருந்தது. நோட்டன் செடிகளில் இலைகள் சல்லடை. டயகமச் செடிகளிலோ ஒரு கடி கூடக் கிடையாது. குளிரில் புழு குறைவு என்பது தெரிந்ததுதான். ஆனால் பக்கத்து மலைத் தேயிலையில் இலையைச் சுருட்டிக்கொண்டு புழு இருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். அப்படியிருந்தும் என் செடிகளை அது தொடவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையிலேயே ஆய்வேட்டுக்கு ஓர் அத்தியாயம் எழுதி விரிவுரையாளருக்கு அனுப்பினேன்.

எட்டாவது மாதம், இலைகளின் மொத்த எண்ணிக்கை ஏன் குறைந்துகொண்டே போகிறது என்று சந்தேகம் வந்தது. முதன்முறையாக இலையை விட்டுவிட்டுத் தண்டைப் பார்த்தேன். நுனிகளில் வெட்டுக்காயங்கள். மழைத்தண்ணீர் தங்காதபடி சாய்வாக, பிசிறில்லாமல் விழுந்த வெட்டு. தோட்டத்தில் பிறந்த எவளும் அது என்ன வெட்டு என்று கேட்க மாட்டாள். எட்டு மாதமாக என் கண் எங்கே போயிருந்ததோ!

"அப்பா! செடியில கத்தி வச்சீங்களா?"

"ஓட்ட விழுந்த எலய மட்டுந்தாம்மா நுனியோட எடுத்தேன். நல்லத தொடல."

"ஐயோ அப்பா, அந்த ஓட்டயத்தான நான் எண்ண வர்றேன்!"

நான் விடவில்லை. அத்தியாயம் போச்சு, எட்டு மாத உழைப்பு போச்சு, சொன்ன சொல்லைக் கேட்கத் தெரியாதா என்று பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஏச்சு வாங்கும் தொழிலாளி தோட்டத்துத் துரை முன்னால் நிற்பதுபோல் நின்றார்.

"செடி கெட்டுப்போனா, இந்த எடம் சரியில்லன்னு வேற எடத்துல கொண்டுபோய் வச்சிருவியோன்னு பயந்துட்டேம்மா" என்றார். "அப்புறம் நீ இங்க எதுக்கு வரப்போற?"

"வராம இருப்பேனாப்பா?" என்று சொல்ல வாயெடுத்தேன். செடி வைப்பதற்கு முன்னால் நான் எத்தனை தடவை வந்தேன் என்பது அவருக்கும் தெரியும்.