குப்புறக் கொழுக்கட்டை

என் ஓரகத்தியின் கைக்குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்துவிட்டாளாம். அந்தச் சந்தோஷத்துக்குக் களமருதூர் முழுக்கக் கொழுக்கட்டை கொடுத்துவிட்டு, கடைசியாக எங்கள் வாசலில் தட்டோடு வந்து நின்றாள் ஓரகத்தி.

"இன்னாக்கா, தம்பி இன்னும் மல்லாக்கவே படுத்துகினு இருக்கறான்?"

எனக்கு வயிறு எரிந்தது. இரண்டும் ஒரே மாதத்தில் பிறந்த பிள்ளைகள். விழித்திருக்கும்போது கூடவே இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வைத்தால் கழுத்து உறுதிப்படும் என்று நர்சம்மா இருவரிடமும்தான் சொன்னார். என் மகன் சிணுங்கினாலே நான் தூக்கிவிடுவேன்.

அன்று வீம்புக்கு அவள் எதிரிலேயே அவனைப் பாயில் குப்புறப் படுக்க வைத்தேன். நானும் எதிரே படுத்துக்கொண்டு, "அம்மாவ பாருடா" என்று கெஞ்சினேன். வீறிட்டு அழுதான். அவள் வாசலிலிருந்தே தட்டில் விரலால் தாளம் போட்டாள். அழுகை நின்றது. என் மகன் முதன்முதலாகத் தலையைத் தூக்கினான், அவளைப் பார்க்க.