நாங்கள் கட்டிய நகரத்தில் சேரியும் இருந்தது

அமெரிக்காவின் பிளானோ நகரத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு, பிள்ளைகளோடு சேர்ந்து சோழர் காலத்துக் கோயில் நகரம் ஒன்றை அட்டையில் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். உடனே சரி என்றேன். நான் சிவில் இன்ஜினியர். புதிதாக முளைக்கும் குடியிருப்புகளுக்குத் தெருவும் மழைநீர் வடிகாலும் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஊரை எப்படித் திட்டமிட்டார்கள், அது எப்படி வளர்ந்தது என்று பார்க்க எனக்கு ஆசை இருக்காதா?

விழாவை நடத்துகிற அங்கிள் ரிட்டையர் ஆனவர். இந்த ஊருக்கு முதலில் வந்த தமிழர்களில் ஒருவர் என்பதால் அவர் பேச்சை யாரும் தட்ட மாட்டார்கள்.

"கிராண்டா இருக்கணும்மா. நம்ம ஆளுங்க அப்பவே எப்படி சிட்டி பிளான் பண்ணாங்கன்னு அமெரிக்கன்ஸ் பாக்கணும்" என்றார்.

எங்கள் கராஜில் வேலை தொடங்கியது. என் மகளும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் முதலில் கோயிலையும் அதன் தெப்பக்குளத்தையும் நந்தவனத்தையும் வைத்தார்கள். அதைச் சுற்றி நான்கு தெரு. தேர் திரும்ப வேண்டும் என்பதால் முனைகளை அகலமாக வெட்டினோம். பெருவழி ஊருக்குள் நுழையும் இடத்தில் வணிகர் தெரு. அதற்குப் பின்னால் நெசவாளர்கள், எண்ணெய் ஆட்டுகிறவர்கள். ஊர் பெருத்து உள்ளே இடம் போதாமல் போனதும் பழைய மதிலுக்கு வெளியே இன்னொரு சுற்றுத் தெரு, அதற்கும் வெளியே புது மதில். "ஹைவே லூப் மாதிரி!" என்று ஒரு பெண் கத்தினாள். சரியாகத்தான் சொன்னாள்.

அதன்பின் வயல்களைத் தாண்டி, வடிகிற தண்ணீர் போய்ச் சேரும் தாழ்வான பக்கத்தில், தனியாக ஒரு அட்டையை ஒட்டினேன். அதில் சின்னச் சின்னக் குடிசைகள்.

"வொய் ஆர் தே ஸோ ஃபார்?" என்றாள் மகள்.

"வாய்க்கால் வெட்டினவங்க, அறுப்பு அறுத்தவங்க, செத்த மாட்டைத் தூக்கினவங்க. அவங்க இல்லாம ஊர் ஓடாது. ஆனா உள்ள இருக்க விடல."

"ஹூ டிசைடட்?"

"ஊரை பிளான் பண்ணவங்கதான்."

பசைத் துப்பாக்கியைக் கீழே வைத்தாள். "ஆர் வி ஃப்ரம் தேர்?"

அதுவரை அவளிடம் சொன்னதில்லை. பிளானோவில் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம். எந்த ஊர் என்று கேட்டுவிட்டு ஊரில் எந்தத் தெரு என்று துருவுகிறவர்களிடம் மட்டும் பேச்சை மாற்றத் தெரிந்தால் போதும். அன்று மாற்றவில்லை. "ஆமா. தாத்தா பொறந்தது அப்படி ஒரு இடத்துலதான்" என்றேன். அவள் ஒரு துண்டு அட்டையை எடுத்து, தன் கோணல் கையெழுத்தில் 'சேரி' என்று எழுதி ஒட்டினாள்.

விழா அன்று ஹாலுக்கு அங்கிள் முதலில் வந்தார். தேரைத் தொட்டுப் பார்த்துப் பூரித்துப் போனார். சுற்றி வந்தவர் கடைசி அட்டை முன்னால் நின்றார்.

"இது எதுக்கும்மா?"

"ஊரோட பகுதி அங்கிள்."

"ஊருக்கு வெளியதானே இருக்கு. அப்புறம் எப்படி ஊராகும்?" என்று சிரித்தார்.

"கல்வெட்டுலயே தீண்டாச்சேரின்னு வெட்டி வெச்சிருக்காங்க. நான் கண்டுபிடிக்கல."

"இல்லைன்னு சொல்லல. கெஸ்ட்ஸ் வர்றாங்க. நம்ம வீட்டு விஷயத்தை அவங்க முன்னாடி எதுக்கு விரிச்சு வெக்கணும்?"

"என் வீட்டு விஷயம் அங்கிள். அந்தக் குடிசைதான் என் வீடு."

அவர் என்னைப் புதிதாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழசு. "நான் அதெல்லாம் பாக்கறவன் இல்லம்மா" என்றார் மெதுவாக. "அந்த போர்டை மட்டும் எடுத்துடுங்க. மீதி அருமையா இருக்கு."

"எடுத்தா முழுசா எடுத்துட்டுப் போறேன். வாய்க்கால் வெட்டினவங்களை எடுத்துட்டா உங்க தெப்பக்குளத்துக்குத் தண்ணி எங்கிருந்து வரும்?"

சொல்லிவிட்டு மொத்த அட்டைக்கும் அடியில் கை கொடுத்தேன். மறுமுனையை மகள் பிடித்தாள். கராஜில் வேலை செய்த மற்றப் பிள்ளைகளும் ஓடி வந்து சுற்றி நின்றார்கள். அதுவரை வாயே திறக்காத அவர்கள் டீச்சர், "இருக்கட்டும் சார். பசங்க செஞ்சது" என்றார். வெளியே கார்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. "உங்க இஷ்டம்" என்று அங்கிள் விலகிப் போனார். போகிற போக்கில், மேசையை ரெஸ்ட்ரூம் பக்கம் தள்ளிவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடியும் ஓரம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளும் நானுமாக மேசையை இழுத்து வாசலுக்கு நேரே போட்டோம். உள்ளே வருகிற யாரும் அதைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. மதியம் முழுக்க அங்கேயே நின்று விளக்கினேன். சிலர் சேரி படத்தில் விழாதபடி கேமராவைச் சாய்த்து எடுத்தார்கள். ஒருவர் மட்டும் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எந்த மாவட்டம் என்று கேட்டார். சொன்னேன். "நாங்களும்" என்றார் தாழ்ந்த குரலில். மனைவி கூப்பிடவே போய்விட்டார்.

அடுத்த விழாவுக்கு என்னைக் கேட்கவில்லை. சில வீடுகளின் பிறந்தநாள் அழைப்புகளும் நின்றன. முதலில் வலித்தது, மறுக்கவில்லை. பிறகு பொது நூலகத்துக்குப் போய், பழங்கால நகரம் ஒன்று கைவசம் இருக்கிறது, வைக்க இடம் தருவீர்களா என்று கேட்டேன். தந்தார்கள்.

அங்கே கொண்டுபோகும் முன் சேரியைத் திருத்தினோம். முதல் தடவை வெறும் குடிசைகளை மட்டும் வைத்தது எனக்கே பிடிக்கவில்லை. யாரும் வாழாத இடம்போல இருந்தது. இந்தத் தடவை கிணறு வைத்தோம். அவர்களுடைய அம்மன், வேப்பமரம், வாசலில் விளையாடும் பிள்ளைகள் எல்லாம் வந்தன. சேரி அட்டை இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. நூலக மேசையோ சிறியது. எதையாவது குறைத்தாக வேண்டும்.

"கோயில் நந்தவனத்தை எடுத்துடலாம்மா" என்றாள் மகள், தமிழிலேயே.

எடுத்தோம்.