பின் சீட்டில் அப்பா

வெயிலில் நாளெல்லாம் கதவு சாத்திக் கிடந்த எங்கள் காரைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் அந்தச் சூட்டில் ரெக்சின் வாடையும் பெட்ரோல் வாடையும், எப்போதோ பூசை போட்டபோது கண்ணாடியில் தொங்கவிட்ட மல்லிச்சரம் காய்ந்துபோன வாசனையும் கலந்திருக்கும். அதை இழுத்து மோந்துகொண்டே நானும் தம்பியும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஓடாத காரில் மைசூருக்கும் மதராசுக்கும் போய்வந்தோம்.

நீலசந்திராவில் எங்கள் சந்துக்குள் கார் நுழையாது என்பதால், வெளிறிப்போன கிரீம் நிற 'பத்மினி' சந்துமுனையில் அயர்ன் கடையை ஒட்டி நிற்கும். அப்பா கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டு ஐயா புதுக் கார் எடுத்தபோது, பழையதை வெளியாளுக்குக் கொடுக்க மனம் வராமல் அப்பாவிடமே தள்ளிவிட்டார். சொந்தக் கார் வைத்திருக்கும் டிரைவர் என்று தெருவில் அப்பாவுக்குத் தனி மரியாதை. ஆனால் அந்தக் காரை அவர் ஓட்டியதே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போய் முன்னால் நின்றால் பாயில் புரண்டு படுத்துக்கொண்டு, "ஆறு நாளு அடுத்தவங்களுக்கு மிதிக்கிறேன், ஏழாவது நாளும் மிதிக்கச் சொல்றியா?" என்பார்.

அப்படியே நின்று நின்று கார் வீணாகிக்கொண்டிருந்தது. காக்காய் எச்சமும் புழுதியும் ஏறிய கண்ணாடியில் தெருப்பிள்ளைகள் விரலால் பெயர் எழுதினார்கள். பேட்டரி இறங்கிப்போனால் சந்தே திரண்டு வந்து 'தள்ளு ஸ்டார்ட்' செய்யும். ஒருநாள் சிவாஜிநகரிலிருந்து ஒரு புரோக்கர் வந்து, டயரைக் காலால் உதைத்துப் பார்த்து, விலை பேசினார். அப்பா தலையாட்டப் போகும் நேரத்தில் அம்மா வெளியே வந்தாள்.

"யாரைக் கேட்டு விக்கிற?"

"ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்கு கஸ்தூரி?"

"ஆள் இருக்கு. நான் ஓட்டறேன்."

அம்மா அப்போது கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தைத்துக்கொண்டிருந்தாள். புரோக்கர் சிரித்ததைப் பார்த்து, அவரிடமே திரும்பி, "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மெஷின் மிதிக்கிற காலு இது. கிளட்ச் மிதிக்காதா?" என்று கேட்டாள். புரோக்கர் அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கற்றுக்கொடுக்க அப்பா மறுத்துவிட்டார். "பொண்டாட்டிக்கு வண்டி கத்துக்குடுத்தா வீடு ரெண்டாயிடும். ஸ்கூலுக்குப் போ" என்றார். அம்மா விவேக் நகர் பக்கம் இருந்த ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஷிஃப்ட் முடிந்து, சேலையில் நூல் பிசிறோடு போய் உட்காருவாள். முதல் டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டாள். அதிகாரி கன்னடத்தில் "இன்னொந்து சல பன்னி அம்மா" என்று, இன்னொரு முறை வரச்சொல்லி, மரியாதையாகவே திருப்பி அனுப்பினார். அன்று வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கையைப் பின்னால் போட்டுத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை போனபோது லைசென்ஸ் வந்துவிட்டது.

லைசென்ஸ் வந்தும் அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பிக்கை வராமல் பார்த்துக்கொண்டவர் சேகர் மாமா. அம்மாவின் தம்பி, ஈஜிபுராவில் குடியிருந்து டெம்போ ஓட்டியவர். "நம்ம தெருவுல யாரு வேணாலும் ஓட்டலாம் மாமா. நந்தி பெட்டா மலை மேல ஏத்தச் சொல்லு பாப்போம். அக்கா ஓட்டினா தேவனஹள்ளி தாண்டாது" என்று அப்பாவை உசுப்பிவிட்டார். அம்மா அடுப்படியிலிருந்தே, "வர்ற ஞாயித்துக்கெழமை போலாம்" என்றாள். அப்பா, "ஏத்தி எறக்கிட்டா சாவி உன்னுது. இல்லன்னா அந்தப் புரோக்கருக்கே குடுத்துடலாம்" என்றார்.

ஞாயிறு விடிந்ததும் அம்மா காரைக் கழுவி, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினாள். சேகர் மாமா கையில் ஒரு பெரிய கருங்கல்லோடு வந்தார். மேட்டில் வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க என்று சொல்லி, முன் சீட்டில் ஏறி அதைக் காலடியில் வைத்துக்கொண்டார். அம்மா அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அப்பா எங்களோடு பின் சீட்டில் ஏறினார். எந்தக் காரிலும் அவர் பின்னால் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. அவரும் உட்கார்ந்ததில்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். ஹெப்பாள் தாண்டும் வரை, அம்மா பிரேக் போடும் முன்பே அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. தேவனஹள்ளி வந்தது, போனது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலையடியில் அம்மா ஓரமாக நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஸ்டியரிங்குக்கு அடியில் குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்கும் கியரை இழுத்துப் போட்டு ஏற்ற ஆரம்பித்தாள். எஞ்சின் முனகியது, ஆனாலும் ஏறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தம்பி என் கையைப் பிடித்து நசுக்கினான். மேலே ஒரு செங்குத்தான வளைவில், எதிரே ஒரு பஸ் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. அம்மா அந்த மேட்டிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னால் பள்ளம். வண்டி லேசாகப் பின்வாங்கியது, அல்லது எங்களுக்கு அப்படித் தோன்றியது.

"அக்கா, புடி, புடி, நான் கல்லு வைக்கிறேன்" என்று கதவைத் திறந்து கல்லோடு குதித்தார் மாமா. அப்பாவின் கை முன் சீட்டின் முதுகைப் பிடித்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா கண்ணாடியில் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பஸ் கடந்தது. அம்மா ஆக்சிலேட்டரை உறுமவிட்டு, கிளட்சை நூல் நூலாக விட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்தாள். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறிப் பாய்ந்தது. திரும்பிப் பார்த்தால், நடுரோட்டில் கல்லும் கையுமாக நின்றுகொண்டிருந்தார் சேகர் மாமா.

"அம்மா, மாமா" என்றேன்.

"மேட்டுல நிறுத்தக் கூடாது. நடந்து வரட்டும்" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். உடம்பெல்லாம் குலுங்க, கண்ணில் நீர் வர, உச்சி வரும் வரை சிரித்தார். சிரித்து ஓய்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவர், "இந்த ரோட்ல எத்தினியோ தடவ வந்திருக்கேன். பள்ளத்துல இவ்ளோ மேகம் நிக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். மேலே போய்ச் சேர்ந்து நாங்கள் வேர்க்கடலை தின்று முடித்த பிறகுதான் மாமா வியர்க்க விறுவிறுக்க வந்தார். கல்லைக் காணோம். அம்மா காகிதப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினாள். அவர் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "எறங்கும்போதும் நீயே ஓட்டுக்கா" என்றார்.

அந்த மாலை சந்துமுனையில் அப்பா சாவியைக் கொடுக்கவே இல்லை. சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது, அவர் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த பத்மினி நிற்கவே நேரமில்லாமல் ஓடியது. ஃபேக்டரிப் பெண்களின் பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் அம்மாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பின் சீட்டில் சாய்ந்து, ஜன்னலில் முழங்கை வைத்து, ஊர் பார்த்துக்கொண்டே வருவார்.

இன்று அப்பா இல்லை. பத்மினியும் போய்விட்டது. ஹெப்பாளைத் தாண்டினால் இருபுறமும் வந்த திராட்சைத் தோட்டங்கள் போய், மேம்பாலமும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. என்னிடம் இருப்பது கிளட்ச் இல்லாமல் பேட்டரியில் ஓடும் சின்னக் கார். "இடது காலுக்கு வேலையே இல்லையேடி" என்று அம்மாவுக்கு அதன்மேல் குறை. போன மாதம் மல்லேஸ்வரத்தில் பழைய கார் பிரியர்கள் காலை காபிக்குக் கூடும் இடத்துக்கு அவளை அழைத்துப் போனேன். அங்கே ஒரு வழக்கம்: முன்பு என்ன கார், இப்போது என்ன கார், கனவுக் கார் எது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கேள்விப்பட்டிராத வெளிநாட்டுப் பெயர்களாக வந்துகொண்டிருந்தன. அம்மாவின் முறை வந்ததும், பளபளவென்று ஒரு நீளமான சிவப்புக் காரை நிறுத்திவிட்டு வந்திருந்த இளைஞன், "உங்க டிரீம் கார் எதும்மா?" என்று கேட்டான்.

அம்மா டபராவைக் கீழே வைத்தாள்.

"கனவுல எதுக்குப்பா காரு? லைசென்ஸ் பையிலதான் இருக்கு. உன் சாவியக் குடு, ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்."

அவன் கொடுத்தான்.