மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் கன்னிமார்

யுத்த காலத்தில் வெள்ளைக்கார ராணுவம் விமானம் இறக்க எடுத்துக்கொண்ட எங்கள் வெள்ளாமைக் காட்டில்தான் இப்போது ஏர்போர்ட் இருக்கிறது.

எங்கள் கன்னிமார் சாமி, ஏழு கல்லும், அதோடு உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் மதிலைப் பார்த்துத்தான் பொங்கல்.

இன்று காவலுக்கு நின்ற கோபிப் பக்கத்துத் தம்பி வந்து, "ஏனுங்க்கா, செவுத்தையா கும்புடறீங்க?" என்றான்.

"சாமி உள்ள இருக்குது கண்ணு. நீதான் தெனமும் பாக்கறயே, நல்லா இருக்குதா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "உள்ள பூராச் சுத்தியிருக்கறனுங்க. கல்லு ஒண்ணுமே இல்லீங்க. அங்க ரன்வேதானுங்க."

வீட்டுக்காரர் கற்பூரத்தைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அப்போது ஒரு விமானம் இறங்கியது. கூப்பிய கையை எடுக்கத் தோன்றாமல் எல்லோரும் அதையே கும்பிட்டுவிட்டோம்.

இந்தக் கும்பிடு சாமி கணக்கில் சேருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.