ஒத்தையடி

டயர் கடையில் எல்லாரும் அவரை ஒத்தையடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒற்றையடிப் பாதைக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே அடியில் விழுகிறவர் என்று அர்த்தம். லாரி டயரை ஒற்றைக் கையால் நிமிர்த்தி உருட்டிக்கொண்டு போகிற மனிதருக்கு அப்படியொரு பெயரை வாங்கிக் கொடுத்தது ஒரு வீடியோ கேம்.

இளவயதில் அவர் கூண்டுச் சண்டைக்காரர். கம்பிவலைக்குள் இரண்டு பேரை விட்டு, குத்து, உதை, கட்டிப் புரட்டல், கழுத்தைப் பூட்டுதல் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்து நடத்துகிற சண்டை. அவர் பெரிய வீரர் இல்லை, சோடையும் இல்லை. தோற்றதைவிட ஜெயித்தது அதிகம். தோற்றவையும் பெரும்பாலும் நடுவர்கள் புள்ளி கூட்டிப் பார்த்துச் சொன்ன தோல்விகள். ஒரே ஒரு முறை, கடைசிச் சண்டையில்தான், நினைவு தப்பி விழுந்தார். எதிரில் நின்றவரை இடக்கையன் என்பார்கள். அந்த இடக்கை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. தாடை உடைந்து, கம்பி வைத்துக் கட்டினார்கள். வாயைத் திறக்க முடியாமல் படுத்துக் கிடந்தவரிடம் மனைவி, “கூண்டா, குடும்பமா? தலையை ஆட்டிச் சொன்னாப் போதும்” என்றார். தலையை ஆட்டினார். அதோடு கூண்டு முடிந்தது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு கேம் கம்பெனிக்காரர்கள் பயிற்சிக்கூடத்துக்கு வந்திருந்தார்கள். சுற்றிலும் கேமராக்களை நட்டு, அவரைக் குத்தச் சொன்னார்கள், உதைக்கச் சொன்னார்கள். “அச்சு அசலா நீங்களே இருப்பீங்க சார்” என்றார்கள். சந்தோஷமாகச் சம்மதித்தவர், தாடை உடைந்த பிறகு அதை மறந்தே போனார்.

அந்த கேம் வெளிவந்த விஷயம் முதலில் தெரிந்தது மனைவிக்குத்தான். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பின் சீட்டுப் பிள்ளைகள் கணவரின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது காதில் விழுந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் மனைவியின் தம்பி வீட்டுக்குப் போனார்கள். அவனிடம் அந்த கேம் இருந்தது.

திரையில் அவர் நின்றார். புருவத்துத் தழும்பு, நசுங்கிய காது, சண்டை தொடங்குமுன் வலது பாதத்தை இடது கெண்டைக்காலில் தேய்க்கிற வழக்கம், ஒன்றும் விட்டுப்போகவில்லை. மனைவி எழுந்துபோய்த் திரையையே தொட்டுப் பார்த்தார். “காதுகூட அப்படியே இருக்குங்க!”

மைத்துனன் உற்சாகமாக ஆன்லைனில் நுழைந்து, முன்பின் தெரியாத யாரோ ஒருவனோடு சண்டையைத் தொடங்கினான். எதிராளி சும்மா ஒரு குத்து விட்டான். திரையில் இருந்தவர் சரிந்தார். முதலில் முழங்கால், அப்புறம் தோள். ஒரு கை மட்டும் விறைத்துக்கொண்டு மேலே நின்றது, விரல்கள் விரிந்தபடி. கடைசிச் சண்டையில் விழுந்தது அப்படியே. அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி அடுக்களைக்குள் போய்விட்டார்.

மைத்துனன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “மாமா, இதுல ஒவ்வொருத்தருக்கும் மார்க் இருக்கு. வேகத்துக்கு இவ்வளவு, உதைக்கு இவ்வளவுன்னு. அடி தாங்கறதுக்கு, அதான் தாடைக்கு, உங்களுக்கு ரொம்பக் கம்மியாப் போட்டிருக்கான். இருக்கிறதுலயே உங்களுக்குத்தான் கம்மி.”

“எத்தனை பேர்கிட்ட அடி வாங்கியும் நின்னிருக்கேன். அதையெல்லாம் பாக்கலையா?”

“கடைசிச் சண்டையைத்தான் பார்த்திருப்பான் போல.”

ஊர் உலகமெல்லாம் அவரைத் தேர்ந்தெடுத்து அடித்து விளையாடிக்கொண்டிருந்தது. விழுகிற காட்சியை வெட்டி, பாட்டு சேர்த்துப் பரப்பியிருந்தார்கள். டயருக்குக் காற்று அடிக்கிறவர் அதைக் கைபேசியில் முதலாளியிடம் காட்டினார். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு வைத்த பெயர்தான் ஒத்தையடி.

மைத்துனனை வைத்துக் கம்பெனிக்கு எழுதினார். உண்மைத்தன்மைதான் தங்கள் கேமின் உயிர் என்றும், நிஜச் சண்டைகளைப் பார்த்தே மதிப்பெண் போடுவதாகவும் பதில் வந்தது. பழைய சண்டைகளின் பதிவுகளைத் தேடிப் பிடித்து அனுப்பினார். அதே பதில், வார்த்தை மாறாமல் வந்தது. சுவரோடு பேசியிருந்தால் எதிரொலியாவது கேட்டிருக்கும்.

தானே ஆடி ஜெயித்துக் காட்டுவது என்று கிளம்பினார். மைத்துனனின் கேம் பெட்டியை வாங்கி வந்து வைத்துக்கொண்டார். எதிராளி அடுத்து என்ன செய்வான் என்பது அவருக்குத் தெரிந்தது. ஆனால் போல்ட் முடுக்கித் தடித்த விரல்கள் அந்தச் சின்னப் பொத்தான்களில் வழுக்கின. மைக்கில் “நான்தாம்ப்பா அந்த ஆளு” என்று சொல்லிப் பார்த்தார். “அப்ப நான் உங்க தாத்தா” என்றது ஒரு பொடியன் குரல். தட்டினான், இவர் விழுந்தார்.

ஒருநாள் மைக்கில் வேறு மாதிரி ஒரு குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசியது.

“இந்த ஆளை வெச்சு ஆடாதீங்க தம்பி. நான் ரொம்ப நாளா ஆடிப் பாக்கறேன். நிக்கவே மாட்டேங்கறாரு.”

“நான்தான் அவரு” என்றார் இவர், யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே.

அந்தக் குரல் சோதித்துப் பார்த்தது. “காலை எதுக்குத் தேய்ப்பீங்க?”

“பயத்துலண்ணே. நடுக்கம் தெரியக்கூடாதுன்னு.”

“எனக்கும்தான் நடுங்கும். நான் இடக்கையன்.”

அவரேதான். இவரை எப்படியாவது ஒரு சண்டை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவரும் ஆடிக்கொண்டிருந்தாராம், முடியவில்லையாம். “என் தாடைக்கு எவ்வளவு மார்க் தெரியுமா? நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு. நின்னு நின்னு வாங்கினேன்ல. இப்பக் காலையில கேட்ட பேரு சாயங்காலம் ஞாபகம் இல்ல. பேச்சு குழறுது. அதுக்கு ஒரு மார்க்கும் போடல பாருங்க.”

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இருவரும் கூண்டுக்குள் சந்தித்தார்கள். அடித்துக்கொள்ளவில்லை. நேரம் முடிகிற வரைக்கும் திரையில் இரண்டு உருவங்களும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நடந்தன. வெளியே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இடக்கையர் போன வாரம் சொன்னதையே மறுபடி சொல்வார். இவர் முதல் தடவை கேட்பதுபோல் கேட்பார். சில சமயம் இடக்கையருக்கு வார்த்தை சிக்கிக்கொள்ளும். இவர் காத்திருப்பார். எடுத்துக் கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும். ஒரு முறை பாதி ஆட்டத்தில், “தம்பி, நீங்க யாரு?” என்றார். இவர் தன்னைப் பற்றி முதலிலிருந்து சொன்னார், தாடை உடைந்ததை மட்டும் விட்டுவிட்டு.

கம்பெனி புதிய கேமை வெளியிட்டது. பழையதன் ஆன்லைன் வசதியை நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தார்களாம். இவர் அதையெல்லாம் படிக்கிறவர் இல்லை. அடுத்த ஞாயிறு பெட்டியைப் போட்டபோது, இணைப்பு இல்லை என்று வந்தது. கம்பி கழன்றிருக்கும் என்று பிடுங்கிச் செருகினார். மைத்துனன் வந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளதைச் சொன்னான். புதிய கேமில் இவரும் இல்லை, இடக்கையரும் இல்லை.

இடக்கையரின் ஊர் தெரியாது. கேமில் அவர் வைத்திருந்த புனைபெயர் மட்டும்தான் தெரியும். மைத்துனன் அதையும் சண்டைக்காலப் பெயரையும் வைத்துத் தேடிப் பார்த்தான். பழைய சண்டைப் படங்கள்தான் கிடைத்தன, எல்லாவற்றிலும் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி. சண்டை நடத்தியவர்களின் அலுவலகம் மூடிப் பல வருடம் ஆகியிருந்தது.

“ஒரு போன் நம்பராவது கேட்டு வெச்சிருக்கக்கூடாதா?” என்றார் மனைவி.

“தோணவே இல்லம்மா. ஞாயித்துக்கிழமையானா வந்துருவாருன்னே இருந்துட்டேன்.”

மனைவி அவர் கையிலிருந்த கன்ட்ரோலரை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்தார். அவர் எழுந்திருக்கவில்லை. “அவரும் பெட்டியைப் போட்டுப் பார்த்திருப்பாரு” என்றார். “நான்தான் வரலைன்னு நினைச்சிருப்பாரு.”